'என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?' - கூண்டை விட்டு ஊர் சுற்றக் கிளம்பும் காப்பக நாய்கள்!

பள்ளிப்பட்டு. திருவள்ளூர் மாவட்டத்தின் ஓரத்தில், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கும் ஊர். பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் எனச் சுற்றிலும் விசைத்தறிச் சத்தம் கேட்கும் ஊர்கள். காலையில் தறி வேலைக்குப் போகிறவர் வழியில் ஒரு டீ குடிக்க நிற்கிறார். பெஞ்சுக்கு அடியில் ஒரு நாய் படுத்திருக்கிறது. பொறையை உடைத்து ஒரு துண்டைக் கீழே போடுகிறார். நாய் எழுந்து, சோம்பல் முறித்து, வாலை ஆட்டிவிட்டுச் சாப்பிடுகிறது.

அந்த நாய்க்கு 'மணி' என்று பெயர் வைத்துக்கொள்வோம். மணிக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை. ஆனால், அந்தத் தெருவுக்கு மணியை நன்றாகத் தெரியும். பிள்ளைகள் பக்கத்தில் போனால் ஒதுங்கிக்கொள்ளும், வெடிச் சத்தம் கேட்டால் வண்டிக்கு அடியில் புகுந்துகொள்ளும், ராத்திரியில் முகம் தெரியாத ஆள் வந்தால் மட்டும் குரைக்கும் என்று டீக்கடைக்காரரே சொல்லிவிடுவார்.

இப்போது அதே மணியை ஒரு காப்பகக் கூண்டுக்குள் நினைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் அறிமுகமில்லாத நாய்கள். ஓயாத குரைப்புச் சத்தம். மருந்து வாடை. நாய் வளர்க்க ஆசைப்பட்டு ஒரு குடும்பம் வந்து கூண்டுக்கு எதிரே நிற்கிறது. மணி ஒன்று மூலையில் ஒடுங்கிக்கொள்ளும், இல்லையென்றால் கம்பியில் பாய்ந்து குரைக்கும். "இது கடிக்கும் போல இருக்கே..." என்று அவர்கள் அடுத்த கூண்டுக்கு நகர்ந்துவிடுவார்கள்.

ஒரு தெருவே நற்சான்று கொடுத்த நாய், ஒரே நிமிடத்தில் 'வேண்டாத நாய்' ஆகிவிடுகிறது. மாறியது நாயின் குணம் அல்ல, அது நிற்கும் இடம்தான்.

இந்தச் சிக்கலுக்கு உலகின் பல ஊர்களில் ஓர் எளிய வழியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். நாயைப் பார்க்க மக்கள் கூண்டுக்கு வரவேண்டாம், மக்கள் இருக்கும் இடத்துக்கு நாயைக் கூட்டிப்போவோம் என்பதுதான் அது. பூங்கா, கடற்கரை, கடைத்தெரு என்று காப்பக நாயை ஓரிரு மணி நேரமோ, ஒரு பகலோ வெளியே அழைத்துப் போகிறார்கள். நாயின் முதுகில் ஒரு துணி. அதில், 'என்னைத் தத்தெடுத்துக்கொள்ளுங்கள்' என்று எழுதியிருக்கும்.

அடிப்பிடித்த சோறும் கடற்கரை நடையும்

அட்லாண்டிக் பெருங்கடலில் இருக்கும் டர்க்ஸ் அண்ட் கைகோஸ் தீவுகளிலும் நம் ஊர் போலவே தெருநாய்கள் உண்டு. அங்கே அவற்றுக்கு 'பாட்கேக்' என்று பெயர். பானையின் அடியில் பிடித்துக்கொள்ளும் சோற்றைச் சுரண்டி நாய்களுக்குப் போடுவது அந்த ஊர் வழக்கம். அந்த அடிசோற்றின் பெயரே நாய்க்கும் ஒட்டிக்கொண்டது. நம் வீட்டுப் பின்கட்டில் நடப்பதுதான் அங்கேயும் நடக்கிறது!

அங்குள்ள 'பாட்கேக் பிளேஸ்' என்ற அமைப்பு, சுற்றுலாப் பயணிகளிடம் நாய்க்குட்டிகளைக் கொடுத்துக் கடற்கரையில் நடக்கவிடுகிறது. காலையில் விளையாட்டாகக் கயிற்றைப் பிடித்தவர்களில் சிலர், ஊருக்குத் திரும்பும்போது அந்தக் குட்டியையும் கூட்டிக்கொண்டே விமானம் ஏறுகிறார்கள்.

அமெரிக்காவின் ஹவாய் மாகாணத்தில் கவாய் என்றொரு தீவு. அங்குள்ள விலங்கு நல அமைப்பும் காப்பக நாய்களை ஒரு நாள் சுற்றுலாவுக்கு அனுப்புகிறது. நாயைக் கூட்டிப்போகிறவருக்குக் கிடைப்பது ஊர் சுற்ற ஒரு துணை. நாய்க்குக் கிடைப்பது நூறு பேரின் பார்வை.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

கேட்க நன்றாக இருக்கிறது, பலன் உண்டா என்ற கேள்வி எழும். இதை அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம், வர்ஜீனியா டெக் ஆகியவற்றைச் சேர்ந்த ஆய்வாளர்கள் சில ஆண்டுகளாக அளந்து பார்த்துவருகிறார்கள். லிசா கன்டர், எரிகா ஃபோயர்பாக்கர், கிளைவ் வின் ஆகியோர் இதில் முக்கியமானவர்கள்.

2023-ல் வெளியான இவர்களின் ஆய்வு 51 காப்பகங்களின் பதிவுகளை எடுத்துக்கொண்டது. வெளியே அழைத்துச் செல்லப்பட்ட அல்லது சில நாள்கள் ஒரு வீட்டில் தங்கவைக்கப்பட்ட 1,955 நாய்கள் ஒரு பக்கம். அதே காப்பகங்களில் அந்த வாய்ப்பு கிடைக்காத 25,946 நாய்கள் மறுபக்கம். சிறிது நேரம் வெளியே போய்வந்த நாய்கள் தத்தெடுக்கப்படும் வாய்ப்பு 5 மடங்கு கூடியிருந்தது. வீட்டில் தங்கிவந்த நாய்களுக்கோ 14 மடங்குக்கும் மேல்!

'நல்ல நாயாகப் பொறுக்கி எடுத்து அனுப்பியிருப்பார்கள்' என்று தோன்றலாம். ஆனால், வெளியே அனுப்பப்பட்ட நாய்கள், அதற்கு முன்பே மற்ற நாய்களைவிடச் சராசரியாக 10 நாள்களுக்கு மேல் கூடுதலாகக் காப்பகத்தில் காத்துக் கிடந்தவை.

அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. நாயைக் காப்பக ஊழியர்களும் வழக்கமான தன்னார்வலர்களும் அழைத்துப் போவதைவிட, ஊர் மக்கள் அழைத்துப் போன இடங்களில் பலன் அதிகம். காரணத்தை ஊகிப்பது கஷ்டமில்லை. காப்பக ஊழியருக்குத் தெரிந்த நாய்ப் பிரியர்கள் எல்லோரும் ஏற்கெனவே நாய் வளர்ப்பவர்களாக இருப்பார்கள். ஒரு பள்ளி ஆசிரியையோ, மளிகைக் கடைக்காரரோ நாயுடன் நடந்தால், அவர் வழியில் பார்ப்பவர்கள், அவருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பார்ப்பவர்கள், அக்கா, தங்கை, மச்சான் என்று ஒரு புது வட்டமே அந்த நாயைப் பார்த்துவிடும்.

நாய்க்கும் இது நல்லதா?

இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். 2019-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக இதே குழுவினர் 5 காப்பகங்களைச் சேர்ந்த 207 நாய்களை ஓரிரு இரவுகள் வீடுகளில் தங்கவைத்தார்கள். மன அழுத்தத்தைக் காட்டும் 'கார்டிசால்' என்ற ஹார்மோனின் அளவை நாய்களின் சிறுநீரில் அளந்தார்கள். வீட்டில் இருந்தபோது அது குறைந்தது. காப்பகம் திரும்பியதும் பழைய அளவுக்கே போய்விட்டது. ஆக, ஒரு வீட்டின் அமைதியான தூக்கம் என்பது காப்பக நாய்க்குக் கிடைக்கும் விடுமுறை.

ஆனால், இரண்டரை மணி நேரம் வெளியே சுற்றிவந்த நாய்களைப் பின்னர் ஆராய்ந்தபோது அப்படி ஓய்வு கிடைத்ததாகத் தெரியவில்லை. ஓட்டம், புது வாசனைகள், புது முகங்கள் என்று அவற்றின் உடல் சுறுசுறுப்பும் பரபரப்பும் கூடத்தான் செய்தன. வெளியே போவது நாய்க்கு ஓய்வு அல்ல. வேலை தேடுகிறவர் நேர்முகத் தேர்வுக்குப் போவது மாதிரி. பலன் உண்டு, அலுப்பும் உண்டு. அதனால்தான் எந்த நாயை, எவ்வளவு நேரம், எந்த இடத்துக்குக் கூட்டிப்போகிறோம் என்பதில் கவனம் தேவை.

இங்கே ஏன் இப்போது இந்தப் பேச்சு?

நம் நாட்டில் தெருநாய்களுக்கான வழி வேறு. பிடித்து, கருத்தடை அறுவை சிகிச்சை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுவதுதான் விதி. இந்த வழிக்குச் சென்னையில் ஒரு நெடிய வரலாறு இருக்கிறது. தெருநாய்களைக் கொல்லாமல் கருத்தடை செய்து எண்ணிக்கையைக் குறைக்கலாம் என்று 1964-ல் பதிவுசெய்யப்பட்ட 'ப்ளூ கிராஸ் ஆஃப் இந்தியா' அமைப்பு அப்போதிருந்தே பேசிவந்தது. சென்னை மாநகராட்சி அதை ஏற்றுக்கொண்டது 1996-ல். பிறகு 2001-ல் நாடு முழுமைக்குமான விதியாகவே வந்தது. 2023-ல் அந்த விதிகள் புதுப்பிக்கப்பட்டன.

இந்த ஏற்பாட்டின்படி, காப்பகத்தில் நெடுநாள் தங்குபவை பெரும்பாலும் அடிபட்டவை, தாயைப் பிரிந்த குட்டிகள், ஆசைப்பட்டு வாங்கிவிட்டுப் பிறகு சாலையில் கைவிடப்பட்ட சாதி நாய்கள்.

2025-ல் நிலைமை மாறத் தொடங்கியது. ஆகஸ்ட் 22-ம் தேதி உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவில், விருப்பமுள்ளவர்கள் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பித்துத் தெருநாய்களைத் தத்தெடுக்கலாம், அப்படி எடுத்த நாய் மறுபடியும் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு என்று சொல்லப்பட்டது. நவம்பர் 7-ம் தேதி வந்த உத்தரவு இன்னும் ஒரு படி போனது. பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, விளையாட்டு மைதானம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகிய வளாகங்களில் இருக்கும் தெருநாய்களை அகற்றிக் காப்பகங்களுக்குக் கொண்டுபோக வேண்டும், அதே இடத்தில் திரும்ப விடக்கூடாது என்றது.

இதற்குப் பின்னால் இருக்கும் அச்சம் நியாயமானது. ஒரு குழந்தையைத் தெருநாய் கடித்துக் குதறினால், அந்தத் தாயிடம் போய் நாய்களின் அருமையைப் பேச முடியாது. உலகில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் வெறிநோயால் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில்.

ஆனால், அகற்றப்படும் நாய்கள் எங்கே போய் இருக்கும்? 2024 கணக்கெடுப்பின்படி சென்னை மாநகராட்சி எல்லையில் மட்டும் சுமார் 1.8 லட்சம் தெருநாய்கள். அதில் ஒரு சிறு பங்கு காப்பகங்களுக்கு வந்தாலே இடம் நிறைந்துவிடும். உள்ளே வரும் வாசல் பெரிதாகத் திறந்திருக்கும்போது, வெளியே போகும் வாசலும் திறந்திருக்க வேண்டும். வெளியே போகும் வாசலுக்குப் பெயர்தான் தத்தெடுப்பு. இல்லையென்றால், பேருந்து நிலைய பெஞ்சுக்கு அடியில் பொறை தின்ற மணி, சாகும்வரை கூண்டிலேயே கிடக்கும்.

நம் ஊருக்கு ஏற்றபடி எப்படி?

ஹவாயைப் பார்த்து அப்படியே செய்துவிட முடியாது. அமெரிக்காவிலேயே வெறிநோய் இல்லாத ஒரே மாகாணம் அது. நமக்கு அந்த நிம்மதி கிடையாது. ஆகவே, முதல் விதி தடுப்பூசி.

ஊசி போடாத நாய் வெளியே வரக்கூடாது: வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, உடம்பு தேறி, கருத்தடை முடிந்து, கால்நடை மருத்துவர் 'சரி' என்று சொன்ன நாய் மட்டுமே வெளியே வரலாம். தமிழ்நாட்டின் அரசு கால்நடை மருந்தகங்களில் ஜூலை 6, செப்டம்பர் 28 ஆகிய நாள்களை ஒட்டி இலவச வெறிநோய்த் தடுப்பூசி முகாம்கள் நடப்பது வழக்கம்.

குட்டிகளுக்கு அவசரம் வேண்டாம்: குட்டிகளைக் கொல்லும் 'பார்வோ' கிருமி, மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தடுப்பூசிகள் எல்லாம் முடியும்வரை, அதாவது ஏறத்தாழ நான்கு மாதம்வரை, பல நாய்கள் நடமாடும் தரையில் குட்டியை இறக்கிவிடக்கூடாது. கூடையிலோ, மடியிலோ வைத்துக்கொள்ளலாம்.

ஒரு நாய்க்கு இரண்டு பேர்: ஒருவர் கயிற்றைப் பிடிக்க, இன்னொருவர் மக்களிடம் பேச. கழுத்துப் பட்டையிலிருந்து பயந்த நாய் தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டைதான் பாதுகாப்பு. இரண்டிலும் தனித்தனிக் கயிறு கட்டினால் இன்னும் நல்லது.

வெயிலுக்கு முன், கூட்டத்துக்கு முன்: காலை 6 மணி முதல் 8 மணி வரை நல்ல நேரம். புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்கள் கை தாங்கவில்லை என்றால், நாயின் பாதமும் தாங்காது. திருவிழா, மேளம், பட்டாசு இருக்கும் நாளில் வேண்டவே வேண்டாம். முதல் முறை அரை மணி நேரம் போதும்.

குழந்தைகளுக்கு ஒரு பாடம்: 'தொடலாமா?' என்று நாயுடன் இருப்பவரிடம் முதலில் கேட்க வேண்டும். பிறகு பக்கவாட்டில் நின்று, கையை மோந்து பார்க்க விடவேண்டும். நாயாகக் கிட்டே வந்தால் மட்டும் தோளில் தடவலாம். மேலிருந்து தலையைத் தட்டுவதும், கழுத்தைக் கட்டிக்கொள்வதும் கூடாது.

நாய் பேசுவதைக் கேளுங்கள்: வாலைக் காலிடுக்கில் செருகுவது, பசி இல்லாமலேயே உதட்டை நக்குவது, தூக்கம் இல்லாமலேயே கொட்டாவி விடுவது, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது - எல்லாமே 'எனக்குப் போதும்' என்று சொல்வதுதான். உடனே அமைதியான இடத்துக்குக் கூட்டிப்போய்விட வேண்டும்.

இவ்வளவு கவனத்தையும் மீறிப் பல் பட்டுவிட்டால்? சிறு கீறலாக இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடங்கள் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தடுப்பூசி இலவசம். 'ஊசி போட்ட நாய்தானே' என்று சும்மா இருந்துவிடக் கூடாது.

ஒரு பக்கக் குறிப்பு... ஒரு நாயின் ஜாதகம்!

ஊர் சுற்றிவந்த பிறகு செய்யவேண்டிய ஒரு சின்ன வேலை இருக்கிறது. கூட்டிப்போனவர் ஒரு தாளில் எழுதவேண்டும். ஆட்டோ ஹாரனுக்கு பயந்ததா? பூனையைப் பார்த்ததும் இழுத்ததா? குழந்தை அழுதபோது என்ன செய்தது? பிஸ்கட்டைக் கையிலிருந்து பிடுங்கியதா, மெதுவாக வாங்கியதா? வண்டியில் ஏறியதும் தூங்கியதா?

கூண்டு ஒருபோதும் சொல்லாத விஷயங்கள் இவை. தெருவில் இருந்தபோது மணியைப் பற்றி டீக்கடைக்காரருக்குத் தெரிந்திருந்ததே, அந்தத் தகவல்தான் இந்தத் தாளில் மறுபடியும் சேர்கிறது. தத்தெடுக்க வருபவர் 'வீட்டில் வயதான அம்மா இருக்காங்க, தள்ளிவிட்டுடுமோ?' என்று கேட்டால், காப்பகத்தில் இருப்பவர் ஊகித்துப் பதில் சொல்ல வேண்டியதில்லை. 'நிதானமான நாய்' என்றோ, 'உங்களுக்கு இது ஒத்துவராது, அதோ அந்தக் கறுப்பு நாயைப் பாருங்கள்' என்றோ நம்பிக்கையுடன் சொல்லலாம்.

பொருத்தம் பார்க்காமல் கொடுத்த நாய் ஒரே மாதத்தில் திரும்பி வரும். அப்படித் திரும்பி வருவதைவிட, வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுவது எல்லோருக்கும் நல்லது.

மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம்

வீட்டுக்கு வந்த முதல் நாளே நாய் குழைந்து விளையாடும் என்று எதிர்பார்க்காதீர்கள். நாய் வளர்ப்பில் அனுபவமுள்ளவர்கள் ஒரு மூன்று கணக்கு சொல்வார்கள். முதல் மூன்று நாள் பயம் தெளியவே சரியாக இருக்கும். சரியாகச் சாப்பிடாது, கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கும். மூன்று வாரத்தில் வீட்டின் வழக்கம் பிடிபடும். மூன்று மாதத்தில்தான் 'இது என் வீடு' என்ற நம்பிக்கை வரும். எல்லா நாய்க்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனால், அவசரப்படாமல் இருக்க உதவும்.

ஆண்டுதோறும் வெறிநோய் ஊசி, உள்ளாட்சி அமைப்பு கேட்கும் உரிமம், தினமும் இரண்டு முறை நடை. வேகவைத்த கோழி எலும்பு தொண்டையிலும் குடலிலும் குத்தும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும். சாக்லேட், வெங்காயம், திராட்சை மூன்றும் நாய்க்கு நஞ்சு. தெரிந்துகொள்ளவேண்டியவை இவ்வளவுதான்.

வாடகை வீடு, இரவுப் பணி, உடல்நிலை என்று நாய் வளர்க்க முடியாத காரணங்கள் பலருக்கு இருக்கும். அவர்களுக்கும் இதில் ஓர் இடம் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் கயிற்றைப் பிடிக்கலாம். ஒரு நல்ல புகைப்படம் எடுக்கலாம். அல்லது ஊசி, கருத்தடைக்குத் தெருநாயைப் பிடிக்க வருகிறவர்களுக்கு, 'இது சாது, இது கொஞ்சம் முரடு' என்று அடையாளம் காட்டலாம்.

பள்ளிப்பட்டு மாதிரியான ஊர்களுக்கு ஒரு வசதி உண்டு. இங்கே பல நாய்கள் ஏற்கெனவே ஊருக்கு அறிமுகமானவை. பேருந்து நிலையத்திலோ, பள்ளி வாசலிலோ வண்டி வந்து அவற்றை ஏற்றிப்போவதற்கு முன்பே, டீக்கடை பெஞ்சில் இருப்பவர்களில் யாராவது ஒருவர், "மணியை நான் பார்த்துக்கறேன்" என்று சொன்னால் போதும். ஓர் ஊசி, ஒரு பட்டை, ஒரு வாசல்.

அந்த நாய் காப்பகத்துக்குப் போய், முதுகில் துணி கட்டிக்கொண்டு, யாராவது பார்ப்பார்களா என்று ஊர் சுற்ற வேண்டியதே இல்லை.